ஆனைப்புளியின் பங்காளிகள்

கப்பலில் வருகிறவர்களுக்குத் தூத்துக்குடி அவ்வளவு லேசில் முகம் காட்டாது. கொழும்பில் அலை தடுக்கும் சுவருக்குள் கப்பல் நுழைந்தவுடன் ஊர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இங்கே கடல் ஆழமில்லாததால் கப்பல் எங்கோ நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடுகிறது. அங்கிருந்து கரைக்கு லாஞ்சு என்கிற மோட்டார்ப் படகில் போகவேண்டும். ஆடுகிற ஏணியிலிருந்து ஆடுகிற லாஞ்சில் குதிப்பதற்குப் புடவை ஏற்ற உடையல்ல என்பதை யுத்தம் முடிந்தபின் நான் செய்த இந்த முதல் பிரயாணத்திலேயே தெரிந்துகொண்டேன்.

என் கையில் பூச்சி பிடிக்கும் வலை ஒன்று இருந்தது, நீளமான பிரம்பில் கட்டியது. நான் குதித்த வேகத்தில் அந்தப் பிரம்பு, திருச்செந்தூருக்குப் போகிற ஒரு பெரியவரின் தலைப்பாகையைத் தட்டிக் கடலில் போட்டுவிட்டது. வெட்கத்தில் வேறொன்றும் தோன்றாமல் அதே வலையால் அதைக் கோரி எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே, "வலை நல்ல வலைதாம்மா. அங்கன சிலோன்ல இப்படித்தான் மீன் பிடிப்பியளோ?" என்று கேட்டார். லாஞ்சு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்னையில் என்னோடு படித்த ரோஸ்லின் இப்போது தூத்துக்குடியில் ஆசிரியை. திரேஸ்புரத்தில் வீடு. அவள்தான் என்னை வரச்சொல்லி எழுதியிருந்தாள். ஊருக்கு வடக்கே மணலில் ஒரு பெரிய ஆனைப்புளிய மரம் நிற்கிறது, அதை வெட்டப்போகிறார்கள், காரணம் அதில் ஊர்கிற சிவப்புப் பூச்சி, நீ வந்து பார்த்து, அந்தப் பூச்சியால் தொந்தரவில்லை என்று சொல்லிவிட்டால் மரம் பிழைக்கும். இவ்வளவுதான் விஷயம். வந்தால் மீனும் புட்டும் உண்டு என்று அடியில் சேர்த்திருந்தாள்.

கரையில் ரோஸ்லின் குதிரை வண்டியோடு நின்றாள். அவள் கணவர் சங்கு குளிக்கும் தோணிகளோடு போயிருந்ததால் வீட்டில் நாங்கள் இருவர்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் "பெட்டியை வச்சிட்டுக் குசினிக்கு வா" என்றாள். எனக்கு ஆனந்தமாகிவிட்டது. சமையலறையைக் குசினி என்பவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போர்த்துகீசியர் எங்கள் கரையில் விட்டுப்போன சொல்லை இந்தக் கரையிலும் விட்டுப் போயிருக்கிறார்கள். அரிசிக்கு அங்கே போல இங்கேயும் ரேஷன். ஆனால் மீனுக்கு ரேஷன் இல்லை. தேங்காய் அரைத்து விட்ட ஊளி மீன் குழம்பைச் சோளப் புட்டில் ஊற்றித் தந்தாள். எங்கள் ஊரில் குழம்பு இன்னும் சற்று உறைக்கும் என்று சொன்னேன். அடுத்த வேளை அவள் போட்ட மிளகாயில் எனக்குக் கண்ணீர் வந்தது.

அன்று மாலையே மரத்தைப் பார்க்கப் போனோம்.

மன்னாரில் இதைப் பெருக்கமரம் என்பார்கள். அரபு வியாபாரிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்பது அங்கே வழங்கும் கதை. இங்கேயும் அதே கதைதான். மாசி மாதமாதலால் ஓர் இலை இல்லை. சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான, வீங்கின அடிமரம். அந்தப் பருமனுக்குப் பொருந்தாத குட்டைக் கிளைகள். கிளைகளிலிருந்து நீளக் காம்புகளில் வெல்வெட் தோல் போர்த்த காய்கள், யாரோ எலிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆடின. விழுந்து உடைந்த காய்களுக்குள் வெள்ளையாக மாவு. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கில் கரைகிற இனிய புளிப்பு.

மாவுக்குள் இருக்கும் விதைகளைத்தான் பூச்சிகள் மொய்த்திருந்தன. குங்குமத்தைக் கொட்டியது போலச் சிவப்பு. வேர்களின்மேல், மணலில், உடைந்த ஓடுகளுக்குள் எல்லாம் ஊர்ந்தன. அங்கிருந்து சிவப்புக் கோடாக ஒரு ஊர்வலம் கிளம்பி, பக்கத்துப் பஞ்சுக் கிடங்கின், இந்த ஊர்ப் பேச்சில் கிட்டங்கியின், சுவரைத் தாண்டிப் போனது.

ரோஸ்லின் என் முகத்தையே பார்த்தாள். நான் அந்த ஊர்வலத்தையே பார்த்தேன். பருத்தியைக் கறையாக்கும் பூச்சி சிவப்பானது. அது பருத்தி இல்லாத மாதங்களில் ஆனைப்புளி, இலவு போன்ற மரங்களின் விதையில் உயிர் வாழும். ஆப்பிரிக்காவில் சில இடங்களில் இதே காரணத்துக்காக இதே மரத்தை வெட்டச் சொன்னார்கள் என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். வீடு திரும்பும் வழியில் அதை ரோஸ்லினிடம் சொன்னேன்.

"நீ மரத்தக் காப்பாத்துவன்னு பிள்ளைகள்ட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அந்த உப்பு மணலில் அவள் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குக் காட்டிச் சொல்லித்தர இருந்த ஒரே பெரிய மரம் அது. சாப்பிடும்போதும் கோபம் ஆறவில்லை. மீனின் நல்ல நடுத்துண்டை மட்டும் என் தட்டில் வைத்தாள்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியோடு தனியாகப் போனேன். ஒரு பூச்சியைப் பிடித்து மல்லாத்தினேன். பருத்திப் பூச்சியானால் வயிற்றில் குறுக்காக வெள்ளைக் கோடுகள் இருக்கவேண்டும், வரிந்து கட்டிய அரைஞாண் மாதிரி. இதற்கு இல்லை. கால்கள் கறுப்பு. உடம்பும் கொஞ்சம் பெரிது. இன்னொன்றைத் திருப்பினேன், கோடு இல்லை. அடுத்தது, இல்லை. சந்தோஷத்தில் வேகவேகமாக அடுத்ததைத் தேடினேன். முதுகில் இரட்டைக் கரும்புள்ளியோடு சிறியதாக ஒன்று வந்தது. திருப்பினேன். அழகான வெள்ளைக் கோடுகள்.

ஆக, மரத்தில் இரண்டு கூட்டம் இருந்தது. பெரும்பாலானவை இலவம் விதையில் வாழும் வேறொரு பூச்சி. நடுநடுவே சில பருத்திப் பூச்சிகள். மரம் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. நிரபராதி என்று சத்தியம் செய்யவும் முடியாது.

நான் மண்டியிட்டுக் கிடந்ததைக் கிட்டங்கிக்காரர் பார்த்துவிட்டார். பெயர் ஆறுமுகம். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. தும்பைப்பூப் போல வேட்டி, நெற்றி நிறைய நீறு. மரத்தை வெட்டச் சொன்னவர் என்றதும் நான் மனதில் ஒரு முரடனை வரைந்து வைத்திருந்தேன். இவர் ஆள் அனுப்பி எனக்கு முக்காலி போடச்சொன்னார்.

"நான் மரத்துக்கு எதிரி இல்லம்மா" என்றார். "போன வருசம் நான் அனுப்புன பஞ்சுல பாதிய மில்லுக்காரன் திருப்பிட்டான், மஞ்சக் கறைன்னுட்டு. இந்தப் பூச்சி அங்கன இருந்து என் கிட்டங்கிக்கு ஊர்ந்து வாரத நானே கண்ணால பாக்கேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

அவரோடு மரத்தின் சொந்தக்காரரும் இருந்தார். அண்ணனைக் காக்கா என்கிற காயல்பட்டினத்து மீரான் காக்கா, கொழும்பில் கடை வைத்திருப்பவர். மரத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சம்மதித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அண்டை வீட்டுக்காரரு ஹக்கு, அவுக உரிமைன்னு ஒண்ணு இருக்குல்லாம்மா. அவுக மனசு எரிய, எனக்கு மரம் எதுக்கு?" என்றார். திங்கட்கிழமை மரம் அறுக்கிறவர்கள் வருவதாக ஏற்பாடு.

மரத்தில் கோடு இல்லாதது, கோடு போட்டது என்று இரண்டு வகை இருப்பதால் உடனே ஒன்றும் சொல்ல இயலாது, ஞாயிறுவரை தவணை வேண்டும், பச்சைப் பருத்திக்காயும் வேண்டும் என்றேன். என் யாழ்ப்பாணப் பேச்சில் பாதி அண்ணாச்சிக்குப் புரியவில்லை. ரோஸ்லின் வந்து தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள். அந்த வேடிக்கையில் அவளுக்கு என்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஊருக்கு மேற்கே இருக்கிற புதுக்கோட்டைப் பக்கம் பருத்திக் காட்டுக்குப் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலமாதலால் கரி பஸ். பின்னால் ஒரு பீப்பாய் அடுப்பில் கரி புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையில்தான் வண்டி ஓடவேண்டும். ஓடியது, கொஞ்ச தூரம். பிறகு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடுப்பைக் கிண்ட, கண்டக்டர் விசிறியைச் சுற்ற, பிரயாணிகள் உடைமர நிழலில் உட்கார்ந்து குடும்பக் கதை பேச ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் சண்டை வரும். இங்கே ஒரு கருப்பட்டி வியாபாரி எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தார். "வண்டி கெளம்புறப்ப கெளம்பட்டும். நமக்கென்ன, கலியாணமா நடக்கப்போவுது" என்று ஓர் அம்மாள் காலை நீட்டிக்கொண்டாள்.

காட்டுக்காரர் தாராளமாகப் பச்சைக் காய்களோடு கிளைகளை ஒடித்துக் கொடுத்தார். கொத்துக் கொத்தாகக் காய்களில் ஒட்டிக்கொண்டிருந்த பூச்சிகளையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு. ஒரு போத்தலில் அவற்றைப் பிடித்துக்கொண்டேன். திரும்புகையில் போத்தலின் துணி மூடி அவிழ்ந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து மடியை உதறினார்கள். ஒருவரும் திட்டவில்லை. காலை நீட்டியிருந்த அந்த அம்மாளே, திரும்பும்போதும் எங்களோடு வந்தவள், தன் கூடைக்குள் இருந்து நான்கைப் பிடித்து என்னிடம் ஒப்படைத்தாள்.

ரோஸ்லின் வீட்டுக் கொசுவலையை இரண்டாக வெட்டினோம். அவளே கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டு பானைத் தண்ணீரில் பருத்திக் கிளைகளை நிறுத்தி, மேலே வலையைக் கவிழ்த்துக் கட்டினோம். ஒன்றுக்குள் மரத்தடிப் பூச்சிகள், கோடு இல்லாதவை. மற்றதில் காட்டுப் பூச்சிகள். காட்டுப் பூச்சிகள் பழகின வீட்டுக்கு வந்தவை போலக் காய்மேல் ஏறி, ஊசி மூக்கைக் குத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டன. மரத்தடிப் பூச்சிகள் வலையைச் சுற்றிச் சுற்றி வந்தன. காயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓர் ஆனைப்புளி விதையைப் போட்டதும் ஓடிவந்து மொய்த்தன. ரோஸ்லின் சமையலை விட்டுவிட்டு அவற்றின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. மீரான் காக்கா வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். காயல்பட்டினத்தில் பெண்கள் பகுதியில் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்காரவைத்தார்கள். அதைச் சஹன் என்கிறார்கள். நாலைந்து பேர் அதே தட்டிலிருந்து சாப்பிடவேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் நல்ல கறித்துண்டுகளை யாரும் பார்க்காததுபோல் என் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள். கூச்சம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் இனிப்பாக வட்டிலாப்பம் வந்தது. இது எங்கள் நாட்டுப் பலகாரம் என்று நான் சொல்ல, அவர்கள் இல்லை எங்களுடையது என்று சொல்ல, கடலுக்கு இந்தப் பக்கம் செய்தது கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரோஸ்லின் வந்தபின் பானைகளைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனோம். அண்ணாச்சி, காக்கா, அண்ணாச்சியின் மனைவி வள்ளியம்மாள் மூவரும் இருந்தார்கள். நான் காய்களைக் கத்தியால் பிளந்து காட்டினேன். காட்டுப் பூச்சி உட்கார்ந்த காயின் உள்சுவரில் ஊசி குத்தின மாதிரி ஈரப் புள்ளிகள். விதையை உறிஞ்ச அது போடும் துளை. அந்தத் துளை வழியாகத்தான் பூசணம் புகுந்து பஞ்சு மஞ்சளாகிறது. மற்ற வலையில் இருந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

அண்ணாச்சி இரண்டு காய்களையும் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "மரத்துல கோடு போட்டதும் இருக்குன்னு நீங்கதான சொன்னிய" என்றார். அது சரியான கேள்வி. ஓம், இருக்கு, கொஞ்சம் இருக்கு என்று ஒப்புக்கொண்டேன். ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அவை வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன்.

கிட்டங்கியின் முற்றத்தில் வரிசையாகப் பூவரசு. மஞ்சள் பூக்களில் கருவண்டுகள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. நேற்றைய பூக்கள் சிவந்து வாடிக் கிடந்தன. மரத்தடியில் உதிர்ந்த காய்களைப் புரட்டினேன். சிவப்பாக ஓடின. ஒன்றைத் திருப்பி அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தேன். வெள்ளைக் கோடு. இன்னொன்று, அதற்கும் கோடு. வள்ளியம்மாளின் வெண்டைப் பாத்திக்குப் போனோம். முற்றின வெண்டைக்காயின் வெடிப்பில் குடும்பம் குடும்பமாக அவையே. மரத்தடியில் தேடித்தேடிக் கண்ட பூச்சி இங்கே கை வைத்த இடத்திலெல்லாம் இருந்தது.

பூவரசு, வெண்டை, இலவு, செம்பருத்தி, ஆனைப்புளி எல்லாம் பருத்திக்கு நெருங்கின சொந்தம் என்று விளக்கினேன். பூவைப் பிரித்தால் நடுவில் மகரந்தக் காம்புகள் எல்லாம் கட்டாகச் சேர்ந்திருக்கும். பூச்சிக்கு அந்த உறவுமுறை நன்றாகத் தெரியும். பருத்தி கிடைக்காவிட்டால் பங்காளி வீடுகளுக்குப் போகும். பருத்தி எடுப்பு முடிந்து காட்டிலிருந்து வரும் பஞ்சுப் பொதியோடு சேர்ந்தும் வரும். கறை காட்டில் பச்சைக் காயிலேயே விழுந்துவிடுகிறது; பூச்சி இங்கே தங்கியிருந்து அடுத்த பருவத்தில் காட்டுக்குத் திரும்பும்.

அண்ணாச்சி பூவரசு வரிசையைப் பார்த்தார். அந்த நிழலில்தான் அவர் கட்டில் போட்டு மத்தியானம் படுப்பது. வள்ளியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப வெட்டுறதுன்னா வரிசையா வெட்டுங்க. மொதல்ல என் வெண்டையப் பிடுங்குங்க. பொறவு ஒங்க பூவரசு. பொறவுதான் காக்கா வீட்டு மரம்."

மீரான் காக்கா தாடியைத் தடவுகிற சாக்கில் வாயை மூடிக்கொண்டார். அண்ணாச்சி மனைவியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெட்டாமல் இதற்கு வழி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். உதிர்ந்த காயைக் கூட்டி எரிக்கவேண்டும், முற்றின வெண்டையைச் செடியில் விடக்கூடாது. அங்கங்கே நனைத்த பருத்திக்கொட்டையைக் குவித்து வைத்தால் பூச்சி தானாக வந்து கூடும். காலையில் கொதிநீர் ஊற்றலாம். முழுதாக ஒழியாது, குறையும். காட்டுக்காரர்களும் இதைச் செய்தால் இன்னும் குறையும். "குறைஞ்சாப் போதும்மா" என்றார் அவர். பிறகு காக்காவின் பக்கம் திரும்பி, "காக்கா, ஒங்க மரம் ஒங்களுக்கே. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். காக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று இரவுச் சாப்பாடு அண்ணாச்சி வீட்டில். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் வெண்டைக்காய்ப் பொரியலும். பாத்தியில் இருந்த பிஞ்சையெல்லாம் வள்ளியம்மாள் பறித்துவிட்டாள். அண்ணாச்சி ஒவ்வொரு பதார்த்தமாகக் காட்டி, இது பருத்திக்குச் சொந்தமா என்று கேட்டார். முருங்கைக்காய்க்கு இல்லை என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. ரோஸ்லின் சிரித்துச் சிரித்துப் புரையேறி, வள்ளியம்மாள் அவள் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை எனக்குக் கப்பல். காலையில் விடைசொல்லிக்கொள்ளப் போனால், மரத்தடியில் பெரிய ரம்பத்தோடு அறுப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை இல்லை என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அண்ணாச்சி கூலியைக் கொடுத்து இட்லியும் வாங்கித் தந்திருந்தார். இட்லியை முடித்துவிட்டு ஆனைப்புளி மாவைச் சப்பிக்கொண்டிருந்த மேஸ்திரி, இந்தக் கட்டை பஞ்சு மாதிரி நீர் கோத்தது, பலகைக்கும் ஆகாது, விறகுக்கும் ஆகாது, இதை எதற்கு அறுக்கக் கூப்பிட்டார்கள் என்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம் என்றார்.

கிட்டங்கி முற்றத்தில் முந்தின மாலை குவித்த பருத்திக்கொட்டை தெரியவில்லை. மேலே ஒரே சிவப்பு. பக்கத்தில் கொதிநீர்ச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வள்ளியம்மாள் ஊற்றக் காத்திருந்தாள். அவளை ஊற்றவிடாமல் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்தார். ஒவ்வொரு பூச்சியாக எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மல்லாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாஞ்சுக்கு நேரமாகிறது என்று ரோஸ்லின் சொன்னாள். நான் போய்வருகிறேன் அண்ணாச்சி என்றேன். அவர் நிமிராமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"ஒரு நிமிசம் இருங்கம்மா" என்றார். விரல் நுனியில் இருந்ததை வெளிச்சத்தில் திருப்பினார். "இதுக்குக் கோடு இல்ல." எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, அதை மரத்தடி மணலில் பதனமாக இறக்கிவிட்டார்.